டிக்கியில் இருந்தாலும் ‘கேரி’ தானா? ஐந்தாண்டு சிறையைத் தீர்மானித்த ஓர் ஆங்கிலச் சொல்

ஒருவர் தன் சிறிய டிரக்கில் கஞ்சாவை ஏற்றிக்கொண்டு விற்கப் போகிறார். போலீஸ் பிடிக்கிறது. வண்டியைச் சோதனை போட்டால், டேஷ்போர்டு பெட்டிக்குள், பூட்டிய நிலையில், ஒரு கைத்துப்பாக்கி. கஞ்சா விற்றதற்கான தண்டனை தனி. அதில் தகராறு இல்லை. தகராறு துப்பாக்கியைப் பற்றியது. அவர் அந்தத் துப்பாக்கியை ‘கேரி’ செய்தாரா, இல்லையா? செய்தார் என்றால் கூடுதலாக ஐந்து ஆண்டு சிறை. இல்லை என்றால் அந்த ஐந்து ஆண்டு கிடையாது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998-ல் விசாரித்த ‘மஸ்கரெல்லோ எதிர் அமெரிக்கா’ வழக்கின் சாரம் இவ்வளவுதான். இதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு வழக்கில் துப்பாக்கிகள் ஒரு பைக்குள் இருந்தன. பை கார் டிக்கிக்குள் இருந்தது. போதைப்பொருள் குற்றத்தின்போது, அந்தக் குற்றம் தொடர்பாக, துப்பாக்கியை ‘யூஸ்’ செய்தாலோ ‘கேரி’ செய்தாலோ குறைந்தது ஐந்து ஆண்டு என்று அந்நாட்டுச் சட்டம் சொன்னது. இது மற்ற தண்டனையோடு கூட்டப்படுவது. நீதிபதி இரக்கப்பட்டும் குறைக்க முடியாது. ஆனால் ‘கேரி’ என்றால் என்ன என்று சட்டத்தில் எங்கும் விளக்கம் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே, அதற்கு எதற்கு விளக்கம் என்று விட்டிருப்பார்கள்.

ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்தார்கள். 5-க்கு 4 என்று பிரிந்தார்கள்.

ஒரு சொல், பல வேலை

ஆங்கிலத்தில் ‘கேரி’ ஓயாமல் உழைக்கும் சொல். போர்ட்டர் பெட்டியைக் கேரி செய்கிறார், கொசு மலேரியாவைக் கேரி செய்கிறது, கம்பி மின்சாரத்தைக் கேரி செய்கிறது, தூண் கட்டடத்தின் பாரத்தைக் கேரி செய்கிறது. ஒரு கடை குறிப்பிட்ட பிராண்டைக் கேரி செய்கிறது என்றால் அங்கே அது விற்பனைக்குக் கிடைக்கும் என்று பொருள். ஒருவரின் குரல் கேரி ஆகிறது என்றால் கடைசி வரிசை வரை கேட்கிறது. தேர்தலில் வேட்பாளர் ஒரு மாநிலத்தைக் கேரி செய்தால் அங்கே ஜெயித்துவிட்டார். தீர்மானம் கேரி ஆனால் நிறைவேறிவிட்டது. குறைந்த வட்டிக்கு யென்னில் கடன் வாங்கி அதிக வட்டி தரும் நாட்டில் போடுவதற்குப் பெயர் ‘கேரி டிரேட்’.

பின்னால் ஒரு ‘ஆன்’ சேர்ந்துவிட்டால் தொடர்ந்து செய்வது என்று அர்த்தம். அதே ‘கேரி ஆன்’ சில இடங்களில் அடம்பிடித்து ஆர்ப்பாட்டம் செய்வது. இன்னும் சில இடங்களில் கள்ளத்தொடர்பு. விமான நிலையத்தில் அது கைப்பெட்டி. ‘அவுட்’ சேர்ந்தால் நிறைவேற்றுவது; ஸ்காட்லாந்தில் பார்சல் சாப்பாட்டுக்கே ‘கேரி அவுட்’ என்று பேர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பழைய ஆட்கள் “என்னைக் கடைக்குக் கேரி பண்ணு” என்பார்கள். தூக்கிக்கொண்டு போகச் சொல்வதில்லை. காரில் கூட்டிக்கொண்டு போ என்கிறார்கள். இந்தக் கடைசிப் பயன்பாடு நம் வழக்குக்கு ரொம்ப நெருக்கமானது.

இன்னொன்றும் உண்டு. ஒரு குற்றத்துக்கு இத்தனை ஆண்டு தண்டனை என்பதையும் ஆங்கிலத்தில் அந்தக் குற்றம் இத்தனை ஆண்டைக் ‘கேரி’ செய்கிறது என்றுதான் சொல்வார்கள். ஆக, கேரி செய்த குற்றம் ஐந்து ஆண்டைக் கேரி செய்தது!

தமிழ்ப் பேச்சுக்குள்ளும் இந்தச் சொல் பல வேஷத்தில் நுழைந்திருக்கிறது. சாப்பாட்டு கேரியர், சைக்கிள் கேரியர், கடையில் கேரி பேக். மிச்ச லீவை அடுத்த வருஷத்துக்கு கேரி ஃபார்வர்டு செய்கிறோம். “அவ கேரியிங்கா இருக்கா” என்றால் கர்ப்பமாக இருக்கிறாள். “இந்தப் புடவையை நல்லா கேரி பண்ற” என்றால் அது அவளுக்கு எடுப்பாக இருக்கிறது. ஒரே ஆளாகப் படத்தை கேரி பண்ணியிருக்கிறார் என்று விமர்சனத்தில் எழுதுகிறார்கள். இதில் எதையும் கேட்டு யாரும் குழம்புவதில்லை. பக்கத்தில் புடவை இருக்கிறதா, லீவு இருக்கிறதா என்பதைப் பார்த்து மனசு தானாகவே சரியான பொருளை எடுத்துக்கொள்கிறது.

சட்டத்திலும் பக்கத்துச் சொல் இருந்தது: துப்பாக்கி. அதனால் கேரி டிரேடும் கர்ப்பமும் கேரி பேக்கும் தானாகக் கழன்றுவிட்டன. ஆனால் இரண்டு பொருள் அப்படியே நின்றன. உடம்போடு, அதாவது கையிலோ இடுப்பிலோ பாக்கெட்டிலோ, வைத்திருப்பது ஒன்று. எப்படியாவது, வண்டியில் போட்டாவது, கூடவே கொண்டுபோவது இன்னொன்று.

முதலில் மாட்டிக்கொண்டது ‘யூஸ்’

இந்தச் சட்டத்தில் ‘கேரி’க்கு முன்னால் நிற்கும் ‘யூஸ்’ என்ற சொல்லே அதற்கு முன்பு இரண்டு முறை உச்ச நீதிமன்றம் போய் வந்திருந்தது.

1993-ல் வந்த ‘ஸ்மித்’ வழக்கில், ஒருவர் தன் இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்து கொக்கைன் வாங்கப் பேரம் பேசினார். எதிரில் இருந்தவர் மாறுவேடப் போலீஸ். துப்பாக்கியைப் பண்டமாற்றுக்குக் கொடுப்பதும் அதை ‘யூஸ்’ செய்வதுதான் என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். இயந்திரத் துப்பாக்கி என்பதால் அந்தப் பிரிவில் தண்டனை 30 ஆண்டு. மாறுபட்ட மூவரில் ஒருவரான நீதிபதி ஆன்டனின் ஸ்கலியா ஒரு கைத்தடியை உதாரணமாக எடுத்தார். ஒருவரிடம் ‘நீங்கள் கைத்தடி பயன்படுத்துகிறீர்களா’ என்று கேட்டால், தாத்தாவின் வெள்ளிப்பிடி போட்ட தடியைக் கூடத்தில் அழகுக்கு வைத்திருக்கிறீர்களா என்றா அர்த்தம்? நடக்கத் தடி வேண்டியிருக்கிறதா என்றுதானே கேட்கிறோம் என்பது அவர் வாதம். துப்பாக்கியை யூஸ் செய்வது என்றால் ஆயுதமாகப் பயன்படுத்துவதுதான் என்றார்.

1995-ல் ‘பெய்லி’ வழக்கில் நீதிமன்றம் ஒருமனதாக வேறு பக்கம் திரும்பியது. துப்பாக்கி கார் டிக்கியில் சும்மா கிடந்தால் அது ‘யூஸ்’ ஆகாது. எடுத்துக் காட்டுவது, சுடுவது, பண்டமாற்றுச் செய்வது மாதிரி ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்றது. அந்தக் கதவு சாத்தப்பட்டதும் அரசுத் தரப்பு பக்கத்துக் கதவைத் தட்டியது. ‘யூஸ்’ இல்லை என்றால் போகட்டும், ‘கேரி’ இருக்கிறதே!

வண்டியில் பிறந்த சொல்

மஸ்கரெல்லோ வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீபன் பிரையர். தீர்ப்பின் ஒரு பகுதியைப் படித்தால் மொழியியல் வகுப்பில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அவர் முதலில் அகராதிகளைத் திறந்தார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லுக்கு முதலில் நிற்கும் பொருள், வண்டியிலோ கப்பலிலோ குதிரையிலோ ஒன்றைக் கொண்டுசெல்வது. உடம்போடு வைத்துக்கொள்வது என்ற பொருள் பட்டியலில் வெகு கீழே வருகிறது. அடுத்து வேர்ச்சொல். ‘கேரி’ என்பது லத்தீனில் வண்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘கார்’, ‘கார்கோ’, ‘சார்ஜ்’ ஆகியவை இதற்கு உறவுக்காரச் சொற்கள். பந்தயப் பாதை என்று தொடங்கி வேலை வாழ்க்கை என்றாகிவிட்ட ‘கெரியர்’ கூட அதே குடும்பம்தான். பிறப்பிலேயே வண்டி இருக்கும்போது, வண்டியில் கொண்டுபோவது ‘கேரி’ ஆகாதா என்பது பிரையரின் கேள்வி.

அதோடு விடவில்லை. இறந்த அரசனை ஊழியர்கள் ரதத்தில் கொண்டுபோன கதையைப் பைபிளிலிருந்து எடுத்தார். ராபின்சன் குரூசோ படகில் சாமான் கொண்டுவருவதையும், ‘மோபி டிக்’ நாவலில் ஒரு கனத்த பெட்டி தள்ளுவண்டியில் போவதையும் காட்டினார். மூன்றிலும் ‘கேரி’ இருக்கிறது, மூன்றிலும் ஏதோ ஒரு வாகனம் இருக்கிறது.

பிறகு செய்ததுதான் அந்தக் காலத்துக்குப் புதுசு. செய்தித்தாள்களின் கணினித் தொகுப்புகளில் ‘கேரி’, ‘வாகனம்’, ‘ஆயுதம்’ ஆகிய சொற்கள் சேர்ந்து வரும் வாக்கியங்களைத் தேடவைத்தார்கள். ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வண்டியில் ஆயுதம் கொண்டுபோவதைக் குறிப்பதாகத் தெரிந்தது என்று தீர்ப்பு சொல்கிறது. ஆக, டேஷ்போர்டில் இருந்தாலும் டிக்கியில் இருந்தாலும் கேரி கேரிதான். ஐந்து ஆண்டு உறுதியானது. தேதி 1998 ஜூன் 8.

“மீதி மூன்றில் இரண்டு பங்கு?”

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். அவரோடு நின்றவர்கள் தலைமை நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்ட், ஸ்கலியா, டேவிட் சவுட்டர். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தாராளவாதிகள் ஒரு பக்கம், பழமைவாதிகள் ஒரு பக்கம் என்று பிரிவதுதான் நமக்குப் பழகிய செய்தி. இங்கே அந்தக் கணக்கு எடுபடவில்லை. கின்ஸ்பர்கும் ஸ்கலியாவும் ஒரே அணி.

மூன்றில் ஒரு பங்கு வாக்கியங்கள் வண்டியைக் குறித்தன என்றால் மீதி மூன்றில் இரண்டு பங்கு எதைக் குறித்தன என்று கின்ஸ்பர்க் மடக்கினார். பைபிள் உதாரணத்துக்கும் பதில் வைத்திருந்தார்: அது மொழிபெயர்ப்பு, வேறு ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அதே இடத்தில் வேறு வினைச்சொல் இருக்கிறது. ‘பிளாக்’ சட்ட அகராதி, ஆயுதம் கேரி செய்வதை உடம்பிலோ உடையிலோ பையிலோ வைத்துக்கொள்வதாகவே விளக்குகிறது என்றார். இதே சட்டத் தொகுப்பில் வண்டியில் கொண்டுபோவதைச் சொல்ல நினைத்த இடங்களில் நாடாளுமன்றம் ‘டிரான்ஸ்போர்ட்’ என்று தெளிவாக எழுதியிருப்பதையும் எடுத்துக் காட்டினார். கொரியப் போரைப் பின்னணியாகக் கொண்ட ‘மேஷ்’ தொலைக்காட்சித் தொடரைக்கூட விடவில்லை. அதில் வரும் ராணுவ டாக்டர், துப்பாக்கியை மட்டும் தூக்கமாட்டேன் என்று சொல்லி ‘கேரி’யின் மற்ற அர்த்தங்களையெல்லாம் வரிசையாக அடுக்குவார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அந்த நகைச்சுவை வசனம் இடம்பிடித்தது.

ஆனால் அவருடைய அடிப்படை வாதம் நகைச்சுவை இல்லை. ஒரு தண்டனைச் சட்டத்துக்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ள இடம் இருந்து, இரண்டுமே நியாயமாகப்பட்டால், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான பொருளையே எடுக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டத்தில் பழைய விதி. சட்டத்தைத் தெளிவாக எழுதாதது அரசின் தப்பு. அதற்கு ஜெயிலில் இருப்பவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்? இங்கே அந்த விதி வேலை செய்யும் அளவுக்குக் குழப்பம் இல்லை என்றார் பிரையர். ஒன்பது பேர் ஐந்தும் நாலுமாகப் பிரிந்து நிற்கையில் குழப்பம் இல்லை என்று சொல்வது கொஞ்சம் விசித்திரம்தான்.

எண்ணெய்க்கு வந்த கதை

பிரையரின் முறையை மொழி ஆய்வாளர்கள் பின்னால் நன்றாகவே அலசினார்கள். முதல் குறை, அகராதி வரிசை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குகிறது. முதலில் இருப்பது பழைய பொருள். அதனால் அதுவே இன்று அதிகம் புழங்கும் பொருள், அல்லது முக்கியமான பொருள் என்று ஆகிவிடாது.

வேர்ச்சொல் வாதமும் அப்படித்தான். தமிழில் எண்ணெய் என்பது எள்+நெய். வேரைப் பார்த்தால் நல்லெண்ணெய் மட்டும்தான் எண்ணெய். ஆனால் தேங்காய் எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கேட்பவரிடம் எள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

செய்தித்தாள் தேடலில் இருந்த கோளாறு இன்னும் எளிது. தேடும்போதே ‘வாகனம்’ என்ற சொல்லையும் சேர்த்துத்தான் தேடினார்கள். வலையை வீசும் முன்பே மீனைப் போட்டுவைத்த மாதிரி. 2010-ல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் சட்ட இதழில் ஸ்டீபன் மௌரிட்சன் எழுதிய கட்டுரை, இக்கால அமெரிக்க ஆங்கிலத்தின் பெரிய சொற்தொகுப்பு ஒன்றில் அந்தச் சேர்க்கை இல்லாமல் தேடியது. துப்பாக்கியும் ‘கேரி’யும் சேர்ந்து வரும்போது, பொருள் தெளிவாகத் தெரிந்த இடங்களில், உடம்போடு வைத்திருப்பது என்பதே மிகப் பெரும்பாலும் வந்தது. வண்டியில் என்ற பொருளும் வந்தது, ஆனால் அபூர்வமாக. பிரையரின் யோசனையே பரவாயில்லை, செய்த விதம்தான் சரியில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. சட்டச் சொல்லின் பொருளைப் பல லட்சம் வாக்கியங்களில் தேடிப் பார்க்கும் அந்த முறை, அதன்பிறகு அமெரிக்காவில் தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது.

தோற்ற வாக்கியம் ஜெயித்தது

1998 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. குற்றத்துக்குத் துணையாகத் துப்பாக்கியை உடைமையில் வைத்திருந்தாலே போதும் என்று மூன்றாவதாக ஒரு வினைச்சொல் சேர்ந்தது. இனி டிக்கியா இடுப்பா என்று பெரிதாக மல்லுக்கட்டத் தேவையில்லை. மஸ்கரெல்லோ தீர்ப்பு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

கின்ஸ்பர்கின் மாறுபட்ட தீர்ப்புக்கு மட்டும் இன்னொரு வாழ்க்கை இருந்தது. 2008-ல் ‘ஹெல்லர்’ வழக்கு வந்தது. அமெரிக்க அரசமைப்பின் இரண்டாவது திருத்தம் தனிமனிதருக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறதா என்ற பெரிய கேள்வி அது. அங்கே சிக்கிய சொல் ‘பேர்’. ஆயுதம் தாங்குவது என்பதில் வரும் தாங்குவது. தருகிறது என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஸ்கலியா, தாங்குவது என்றால் கேரி செய்வது என்றார். கேரி செய்வது என்றால்? பத்து வருஷத்துக்கு முன் கின்ஸ்பர்க் எழுதிய விளக்கத்தை, சண்டை வந்தால் எடுக்கத் தயாராக உடம்பிலோ உடையிலோ பாக்கெட்டிலோ ஆயுதம் வைத்திருப்பது என்ற அதே விளக்கத்தை, அவர் பெயரைச் சொல்லியே எடுத்துவைத்தார். கின்ஸ்பர்க் அந்த வழக்கில் எதிர் அணியில் இருந்தார். 1998-ல் ஒருவருக்குச் சிறையைக் குறைக்க அவர் எழுதியது, 2008-ல் அவர் ஏற்காத தீர்ப்புக்குத் தூணாக நின்றது.

இன்று அமெரிக்காவில் ‘கேரி’ தனியாக நின்றாலே துப்பாக்கி என்றாகிவிட்டது. வெளியே தெரியும்படி வைத்திருந்தால் ‘ஓப்பன் கேரி’, சட்டைக்குள் மறைத்தால் ‘கன்சீல்டு கேரி’. பொது இடத்தில் கைத்துப்பாக்கியோடு நடமாடும் உரிமை பற்றிய 2022-ம் ஆண்டின் ‘புருயன்’ தீர்ப்பு வந்தபோது ஊடகங்கள் பேசியதெல்லாம் இந்த மொழியில்தான்.

தமிழில் எழுதியிருந்தால்?

ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைக்கும் இடத்தில் தமிழ் பல வினைகளாகப் பிரிக்கிறது. மூட்டையைச் சுமக்கிறோம், குழந்தையைத் தூக்குகிறோம், தீபத்தை ஏந்துகிறோம், தூண் தாங்குகிறது, வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். யாழ்ப்பாணத்தில் ‘காவிக்கொண்டு போ’ என்பார்கள். காவடியில் இருக்கும் ‘கா’தான் அது.

அந்த அமெரிக்கச் சட்டத்தைத் தமிழில் பெயர்ப்பவர் ‘துப்பாக்கி ஏந்தி’ என்று எழுதினால் கின்ஸ்பர்க் ஜெயிப்பார். துப்பாக்கி ஏந்திய போலீஸார் என்று செய்தி எழுதும் நிருபர், துப்பாக்கியை ஜீப்பில் வைத்துவிட்டு டீ குடிக்க இறங்கிய போலீஸாரை அப்படி எழுதமாட்டார். ‘எடுத்துக்கொண்டு போனால்’ என்று எழுதினால் பிரையர் ஜெயிப்பார். “குடை எடுத்துட்டு வந்தியா?” “எடுத்துட்டுதான் வந்தேன், வண்டியில இருக்கு” என்பது தினமும் கேட்கிற பேச்சு. ‘வைத்திருந்தால்’ என்று எழுதினால் வீட்டு பீரோவில் இருக்கும் துப்பாக்கிகூட மாட்டிக்கொள்ளும். தீர்ப்பைப் பாதி எழுதிவிடுகிற இடம் அந்த மொழிபெயர்ப்பாளருடையது.

இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்த வம்புக்கே போகவில்லை. அதன் 3-வது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியை வாங்குவது, உடைமையில் வைத்திருப்பது, கேரி செய்வது என மூன்றையும் அடுத்தடுத்து வைத்துத் தடுக்கிறது. ஒன்றில் தப்பினாலும் இன்னொன்றில் விழும்.

இந்திய அரசமைப்பிலும் இந்தச் சொல் உண்டு. மத சுதந்திரம் பற்றிய 25-வது கூற்றின் முதல் விளக்கம், சீக்கியர்கள் கிர்பான் வைத்திருப்பதை அவர்களது மதத்தைப் பின்பற்றுவதில் அடங்கியதாக ஏற்கிறது. அங்கே ஆங்கில மூலத்தில் இருப்பது ஒரு வினை அல்ல, இரண்டு: அணிவது, ‘கேரி’ செய்வது.